ஃப்ராய்டும் மதமும் மகிழ்ச்சியும்: முதலில் எந்தப் புத்தகம்?

மனிதனுக்கு மதம் எதற்கு, இவ்வளவு வசதி வந்தும் நிம்மதி ஏன் வரவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சிக்மண்ட் ஃப்ராய்ட் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர் முன்னால் இரண்டு ஒல்லியான புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று 1927இல் வந்த ‘ஒரு மாயையின் எதிர்காலம்’. இன்னொன்று ‘நாகரிகமும் அதன் அதிருப்திகளும்’. அதில் 1930 என்று அச்சிட்டிருந்தாலும் 1929 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. முன்னதில் பத்து அத்தியாயங்கள், பின்னதில் எட்டு. மனதுக்குள் மறைந்து கிடப்பதை ஆராயும் ஃப்ராய்டின் முறையான உளப்பகுப்பாய்வு பற்றி எதுவும் தெரியாதவரும் இரண்டையும் படிக்கலாம். நோயாளிகளின் நீண்ட கதைகளோ கனவு விளக்கங்களோ குறுக்கே வராது.

வருட வரிசையில் படியுங்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். முதலில் மதம், அப்புறம் நாகரிகம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1930 புத்தகத்தை முதலில் எடுங்கள். அதிலும் முதல் அத்தியாயத்தைத் தாண்டி இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். இந்த வழி ஒத்துவராத சிலரும் உண்டு, அவர்களுக்கு வேறு யோசனை இருக்கிறது.

முந்தைய புத்தகத்துக்கு நியாயம் செய்துவிட்டு வருவோம். ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ முழுக்க முழுக்க வாதம். நான்காம் அத்தியாயத்திலிருந்து ஃப்ராய்ட் ஓர் எதிராளியைக் கற்பனையாக எதிரே உட்கார வைத்துக்கொள்கிறார். அந்த மனிதர் ஆட்சேபம் சொல்லச் சொல்ல, இவர் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். படிக்கச் சுகமாக இருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் ஓர் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கான்ஸ்டன்ஸ் நகரம் போடன்சே ஏரிக்கரையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நம்பிக்கை இல்லையென்றால் போய்ப் பார்த்துக்கொள் என்கிறது மாணவர்கள் பாடும் ஒரு பாட்டு. நான் போய்ப் பார்த்திருக்கிறேன், அங்கேதான் இருக்கிறது என்கிறார் ஃப்ராய்ட். சரி, மதம் சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் மூன்று பதில்கள் வருகின்றனவாம். நம் முன்னோர்கள் நம்பினார்கள் என்பது ஒன்று. அந்தக் காலத்திலிருந்தே சான்றுகள் கைமாறி வந்திருக்கின்றன என்பது இன்னொன்று. மூன்றாவது, இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. இந்த மூன்றாவது பதில்தான் சந்தேகத்தை அதிகமாக்குகிறது என்கிறார். தன் சரக்கில் நம்பிக்கை உள்ளவர் சோதித்துப் பார்க்க விடாமல் தடுப்பாரா?

தமிழ்நாட்டில் கடவுள் மறுப்புப் பேச்சைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது. இதைவிடக் காரமாகவே மேடையில் கேட்டிருப்பார். ஃப்ராய்டின் சொந்தச் சரக்கு அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. மாயை என்று அவர் சொல்வது பொய்யை அல்ல. ஒரு நம்பிக்கைக்குள் இருந்து அதைத் தள்ளிக்கொண்டு போவது ஆசையாக இருந்தால் அது மாயை, அவ்வளவுதான். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, ஓர் இளவரசன் வந்து தன்னைக் கட்டிக்கொள்வான் என்று நினைக்கலாம். அது நடக்கவும் கூடும், சில சமயம் நடந்தும் இருக்கிறது. இருந்தாலும் அது மாயைதான், அவளை நம்ப வைப்பது ஆதாரம் இல்லை, ஆசை. மத நம்பிக்கைகள் மனித இனத்தின் மிகப் பழைய, மிக வலுவான ஆசைகளின் நிறைவேற்றம் என்கிறார். இயற்கையின் பயங்கரத்திலிருந்து காப்பது, சாவோடு சமாதானம் செய்து வைப்பது, கூடி வாழ்வதற்காக நாம் விட்டுக்கொடுத்ததற்கு ஈடு தருவது என்று கடவுள்களுக்கு மூன்று வேலைகள். குழந்தைக்கு அப்பா எப்படியோ அப்படி வளர்ந்தவனுக்குக் கடவுள். அதே அச்சம், அதே நம்பிக்கை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. கடவுள் என்றால் அப்பா என்ற கணக்கு, ஒற்றைக் கடவுளைத் தந்தை என்று அழைக்கும் மதங்களுக்குப் பொருந்தலாம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊரில் உட்கார்ந்து படிக்கிறவர் உடனே கேட்பார், அம்மா எங்கே? ஃப்ராய்டுக்கும் இது தெரியாமல் இல்லை. 1913இல் புத்தகமாக வந்த ‘குலக்குறியும் விலக்கும்’ நூலில், தாய்த் தெய்வங்களை எந்த இடத்தில் வைப்பது என்று தனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு நகர்ந்துவிட்டார். 1927இல் அந்த ஒப்புதல்கூட இல்லை. அதோடு அவர் உட்கார வைத்த எதிராளியும் ரொம்ப மரியாதைக்காரர். நிஜமான பக்தர் எவரும் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்.

ஃப்ராய்டுக்கே அந்தப் புத்தகத்தில் திருப்தி இல்லை. அது வெளிவரும் தறுவாயில் நண்பர் ஃபெரென்சிக்கு எழுதிய கடிதத்தில், இது இப்போதே எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது, பகுப்பாய்வாகவும் பலவீனமானது என்ற பொருளில் எழுதினார். எழுதியவரே இப்படிச் சொன்ன புத்தகத்தை நுழைவாயிலாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்த புத்தகத்தின் மனநிலையே வேறு. 1929 கோடையில் ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடனில் தங்கியிருந்தபோது எழுதியது. அப்போது அவருக்கு வயது 73. 1923இல் தாடைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆகி, அதற்கப்புறம் பல முறை கத்தி பட்டாயிற்று. நாள் முழுக்கப் புகைத்துக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருக்க முடியுமா, நடக்கவும் முடியவில்லை, அதனால் எழுதினேன் என்று தோழி லூ ஆண்ட்ரியாஸ் சலோமேக்கு அந்த ஜூலையில் எழுதினார். எழுதியதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைத்தானாம். இந்த அலுப்பு புத்தகத்துக்குள்ளேயும் எட்டிப் பார்க்கிறது. தெரிந்ததையே சொல்லிக் காகிதத்தையும் மையையும் அச்சுக்கோப்பவர் உழைப்பையும் வீணாக்குகிறேனே என்று ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே புலம்புகிறார். 1927இன் வக்கீல் இங்கே இல்லை. யாரையும் ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்கச் சொன்னதற்குக் காரணம், அந்த அத்தியாயமே ஓர் ஒப்பீடு. மகிழ்ச்சியாக இருக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன கிடைக்கும், எங்கே கைவிடும் என்று பார்க்கிறார். துன்பம் வரும் திசைகள் மூன்று: தேய்ந்து அழியப் போகிற நம் உடம்பு, வெளி உலகம், மற்ற மனிதர்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலிக்கிறது என்கிறார். மனிதன் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது படைப்பின் திட்டத்திலேயே கிடையாது என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டு, வழிகளை எண்ணத் தொடங்குகிறார்.

போதையில் ஆரம்பிக்கிறார். எல்லாவற்றிலும் முரட்டு வழி இது, ஆனால் வேலை செய்வதும் இதுதான். கவலையை உடனே உடைத்துவிடும். அதற்கு ஆகும் செலவு மனிதன் வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கக்கூடிய சக்தி. இதில் ஒழுக்க உபதேசம் ஒரு சொல்கூட இல்லை. புற்றுநோய்க்கு அப்புறமும் சுருட்டை விட முடியாதவர் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பத்தி இன்னும் நன்றாகப் புரியும்.

அடுத்து, ஆசையையே அடக்கிவிடுவது. கீழ்த்திசை ஞானமும் யோகமும் சொல்லும் வழி என்று இதைக் குறிப்பிடுகிறார். கிடைப்பது அமைதி, கொடுப்பது வாழ்க்கை என்பது அவர் கணக்கு. இரண்டு வாக்கியத்தில் யோகத்தை முடித்துவிட்டாரே என்று நம் வாசகருக்குக் கோபம் வரலாம், நியாயமான கோபம்தான். அப்புறம் கலை, அறிவியல் போன்ற உயர்ந்த வேலைகளில் ஆசையைத் திருப்பிவிடுவது. இது நயமான வழி, ஆனால் கொஞ்சப் பேருக்கே வாய்க்கும். அந்தக் கொஞ்சப் பேருக்கும் உடம்பு நோகத் தொடங்கிவிட்டால் உதவாது. சாதாரண வேலைகூட மனிதனை நிஜ உலகத்தோடு கட்டிப்போடும் நல்ல வழி என்று ஓர் அடிக்குறிப்பில் சொல்கிறார். பெரும்பாலானவர்கள் வேறு வழியில்லாமல்தான் வேலைக்குப் போகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கலையை ரசிப்பது லேசான மயக்கம், வெளியே வந்தால் தெளிந்துவிடும்.

காதலுக்கு வரும்போது குரல் மாறுகிறது. மகிழ்ச்சிக்கு இதைவிட நேரான பாதை இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். உடனே, நேசிக்கும்போது இருப்பதுபோல் நாம் வேறு எப்போதும் பாதுகாப்பில்லாமல் இருப்பதில்லை என்கிறார். 1920இல் மகள் சோஃபியை ஃப்ளூ காய்ச்சலுக்கும், 1923இல் அவளுடைய சின்ன மகனைக் காசநோய்க்கும் பறிகொடுத்தவர் அவர். புத்தகத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை, அவர் சொல்லவும் மாட்டார்.

எந்த ஒரு வழியிலும் எல்லாவற்றையும் போட்டுவிடாதே, விவரமான வியாபாரி முதலை ஒரே இடத்தில் முடக்குவானா என்று கேட்டுவிட்டு, கடைசியாக மதத்துக்கு வருகிறார். மதத்தின் மேல் அவர் வைக்கும் குறை இப்போது வேறு. ஆளுக்கொரு வழி பொருந்தும் விஷயத்தில், மதம் எல்லோருக்கும் ஒரே வழியைத் திணிக்கிறது. அதன் பலன் என்ன? பலரைத் தனித்தனியாக மனநோயில் விழாமல் காப்பாற்றுகிறது, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து ஒரே நோயில் இருக்கிறார்கள். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. துன்பம் தாங்காமல் ‘எல்லாம் அவன் சித்தம்’ என்று பக்தன் சொல்லிவிட்டால், அவனிடம் மிச்சம் இருப்பது நிபந்தனையில்லாத சரணாகதி மட்டும். அதற்குத் தயாராக இருந்தவன் இவ்வளவு சுற்றி வந்திருக்க வேண்டாமே என்கிறார். சரணாகதியையே உயர்ந்த நிலையாக வைத்த வைணவ மரபில் வளர்ந்தவருக்கு இந்த இடம் சண்டைக்கு அழைப்பதுபோல இருக்கும். 1927 புத்தகம் முழுக்கப் பேசியதைவிட இந்தக் கடைசிப் பத்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அங்கே மதம் உண்மையா என்று கேட்டார். இங்கே அது சொன்ன வேலையைச் செய்கிறதா என்று கேட்கிறார். நம்புகிறவர், நம்பாதவர் இருவருமே உட்கார்ந்து பேசக்கூடிய கேள்வி இது.

நடு அத்தியாயங்களை வேகமாகப் படித்துக்கொண்டு போகலாம். மூன்றாவதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. தொலைபேசியில் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்கலாம், பெரிய முன்னேற்றம். ஆனால் ரயில் இல்லாமல் இருந்திருந்தால் பிள்ளை ஊரை விட்டே போயிருக்காது, தொலைபேசியும் தேவைப்பட்டிருக்காது. வாட்ஸ்அப் வீடியோவில் பேரனைப் பார்க்கும் எந்தத் தாத்தாவுக்கும் இது விளங்கும். ஐந்தாவதில், பக்கத்துப் பக்கத்து இனங்கள்தான் ஒன்றையொன்று அதிகம் கிண்டல் செய்கின்றன என்ற கருத்து வருகிறது: ஸ்பானியரும் போர்ச்சுக்கீசியரும், வட ஜெர்மானியரும் தென் ஜெர்மானியரும்.

ஏழாம் அத்தியாயத்தில் மறுபடி நிதானியுங்கள். மனிதனுக்குள் இருக்கும் வன்முறையைச் சமூகம் என்ன செய்கிறது? வெளியே போக விடாமல் அவன் மேலேயே திருப்பிவிடுகிறது. பிடித்த நகரத்துக்குள் ஒரு காவல்படையை நிறுத்தி வைப்பதுபோல என்கிறார். அந்தப் படையின் பெயர் சூப்பர் ஈகோ, நாம் மனசாட்சி என்று சொல்வதன் கடுமையான முகம். தப்பு செய்யாதவரைத்தான் அது அதிகம் தண்டிக்கிறது. புனிதர்கள்தான் தங்களைப் பெரும் பாவிகள் என்கிறார்கள். செய்யாமல் நினைத்ததுகூட அதற்குத் தெரிந்துவிடும், அதனால் ஆசையை விட்டாலும் குற்ற உணர்வு போகாது. துரதிர்ஷ்டம் வந்தால் அது இன்னும் கடுமையாகும். ஆதிமனிதன் காரியம் நடக்கவில்லை என்றால் தான் வணங்கும் மந்திரப் பொருளை அடிப்பான். இஸ்ரவேல் மக்களோ துன்பம் வந்தபோது கடவுளைச் சந்தேகிக்காமல், தங்கள் பாவத்தை எடுத்துச் சொல்லும் தீர்க்கதரிசிகளை உருவாக்கினார்கள் என்கிறார். நாகரிகம் வளர வளரக் குற்ற உணர்வும் வளரும், மகிழ்ச்சி குறைவதற்கு அதுதான் காரணம் என்பது புத்தகத்தின் மையம். ‘நல்ல பிள்ளை’ என்று பெயர் எடுத்து வளர்ந்தவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்தால் கொஞ்சம் திடுக்கிடுவார்கள்.

முதல் அத்தியாயத்தை விடச் சொன்னது ஏன்? அது 1927 புத்தகத்துக்கு வந்த ஒரு கடிதத்துக்கான பதில். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலான் 1927 டிசம்பரில் எழுதினார். மதம் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதன் ஊற்று வேறு, எல்லையே இல்லாத ஏதோ ஒன்றோடு கலந்திருக்கும் உணர்வு, ‘கடல் போன்ற’ உணர்வு, அதை விட்டுவிட்டீர்கள் என்றார். ரோலான் அப்போது ராமகிருஷ்ணரின் வாழ்க்கை வரலாற்றில் மூழ்கியிருந்தார். ஃப்ராய்ட் தேடிப் பார்த்துவிட்டு, எனக்குள் அப்படி ஒன்று தென்படவில்லை என்கிறார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தான் வேறு உலகம் வேறு என்று தெரியாது, அந்த நிலையின் மிச்சமாக இருக்கலாம் என்று விளக்கி, நடுவில் ரோம் நகரத்தின் எல்லாக் காலக் கட்டடங்களும் ஒரே இடத்தில் நிற்பதாக ஒரு நீண்ட உவமைக்குப் போய்விடுகிறார். அழகான பக்கங்கள்தான். ஆனால் புதிதாக வருபவர் இங்கேயே களைத்து மூடிவிடுகிறார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தியானம், பக்தி அனுபவம் இவற்றில் ஈடுபாடு உள்ளவர் இந்த முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்கட்டும், அவருடைய கேள்வி இங்கேதான் இருக்கிறது. அப்படியே சுதீர் கக்கர் 1991இல் எழுதிய ‘பகுப்பாய்வாளரும் ஞானியும்’ நூலுக்குப் போகலாம். இந்திய உளப்பகுப்பாய்வாளர் ஒருவர் ராமகிருஷ்ணரை நோயாளி ஆக்காமல் படித்த புத்தகம் அது. கல்கத்தாவில் 1922லேயே கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிவிட்டார். ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு அங்கிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று போனது. மத எதிர்ப்பாளர் அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

1930 புத்தகத்தை முடித்துவிட்டு 1927க்குத் திரும்பினால் அது வேறு மாதிரி படிக்கும். அறிவின் குரல் மெல்லியது, ஆனாலும் காது கொடுக்கும் வரை அது ஓயாது என்று அங்கே சொல்லியிருப்பார். மதம் இல்லாமல் ஒரு தலைமுறையை வளர்த்துப் பார்ப்போம் என்பார். பின்னால் என்ன எழுதினார் என்று தெரிந்த பிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் பாவமாக இருக்கும். 1930இல் அவர் கையில் ஆறுதல் எதுவும் இல்லை, அதை அவரே கடைசிப் பக்கத்தில் சொல்கிறார். அழிக்கும் உந்துதலுக்கு எதிராக அன்பின் சக்தி இனி எழும்பும் என்று எதிர்பார்ப்பதாக முதல் பதிப்பு முடிகிறது. 1930 செப்டம்பரில் நடந்த ஜெர்மன் தேர்தலில் நாஜிகள் 107 இடம் பிடித்தார்கள். 1931 பதிப்பில் ஃப்ராய்ட் ஒரு வாக்கியம் சேர்த்தார்: யார் வெல்வார்கள், முடிவு என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஃப்ராய்டை மறுத்தவர்களை முதலில் படிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர் என்றால் ஆஸ்கர் ஃபிஸ்டரைப் படிக்கலாம். சூரிச் பாதிரியார், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1909இலிருந்தே ஃப்ராய்டின் நண்பர். 1928இல் ‘ஓர் எதிர்காலத்தின் மாயை’ என்று தலைப்பைத் திருப்பிப் போட்டே பதில் எழுதினார். அறிவியலே எல்லாம் தரும் என்பதும் ஆசையில் பிறந்த நம்பிக்கைதானே என்று மடக்கினார். நட்பு கெடவில்லை. உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃப்ராம் 1950இல், அடிமைப்படுத்தும் மதம் வேறு, மனிதனை வளர்க்கும் மதம் வேறு என்று பிரித்தார். படிக்க எளிது, ஆனால் எனக்கு அது கொஞ்சம் இனிப்பு அதிகமாகத் தெரிகிறது. அரசியல் ஆர்வம் உள்ளவருக்குத் தத்துவவாதி ஹெர்பர்ட் மார்க்யூஸ். கூடி வாழக் கொஞ்சம் அடக்கம் தேவைதான், அதற்கு மேல் நம் மேல் சுமத்தப்படுவது ஆதிக்கத்துக்காக என்று 1955இல் வாதிட்டார். ஃப்ராய்டைப் படிக்காமல் அவரிடம் போனால் பாதி புரியாது.

இவர்களில் ஒருவரை மட்டும் என்றால் நான் டொனால்ட் வின்னிகாட்டைச் சொல்வேன். லண்டன் குழந்தை மருத்துவர். 1951இல் வாசித்த ஒரு கட்டுரையில் குழந்தை விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் போர்வைத் துண்டைப் பற்றிப் பேசுகிறார். அழுக்கேறி நாறினாலும் அம்மா அதைத் துவைக்கப் பயப்படுவாள், வாசம் மாறினால் குழந்தைக்கு அது பழைய துணி இல்லை. இதை நீயாக உண்டாக்கினாயா, வெளியிலிருந்து கிடைத்ததா என்று யாரும் அந்தக் குழந்தையைக் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பது நமக்கும் குழந்தைக்கும் இடையே ஓர் உடன்பாடு. உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் இருக்கும் அந்த இடத்தில்தான் பிற்பாடு கலையும் மதமும் வந்து உட்காருகின்றன என்கிறார். கேள்வி கேட்கத் தடை என்பதை ஃப்ராய்ட் மோசடியின் அடையாளமாகப் பார்த்தார். வின்னிகாட் அதையே ஒரு குழந்தைக்குத் தரும் மரியாதையாகப் பார்க்கிறார். ஃப்ராய்டின் இரண்டு புத்தகங்களுக்கும் அப்புறம் இதைப் படித்தால்தான் இந்த வித்தியாசத்தின் கனம் தெரியும்.

‘குலக்குறியும் விலக்கும்’, 1939இல் வந்த மோசே பற்றிய நூல் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். ஆதியில் மகன்கள் கூடித் தந்தையைக் கொன்றார்கள் என்ற கதையின் மேல் நிற்பவை அவை. அந்தக் கதைக்கு மானுடவியலில் ஆதாரம் கிடையாது. சுவாரஸ்யத்துக்காகப் பின்னால் படிக்கலாம்.

முழுப் புத்தகத்துக்கே நேரம் இல்லை என்பவர் 1932இல் ஐன்ஸ்டைனும் ஃப்ராய்டும் எழுதிக்கொண்ட கடிதங்களை எடுக்கட்டும். மனிதனைப் போரிலிருந்து விடுவிக்க வழி உண்டா என்று ஐன்ஸ்டைன் கேட்கிறார், 1930 புத்தகத்தின் பிற்பகுதியை ஃப்ராய்ட் சில பக்கங்களில் சுருக்கிப் பதிலாகத் தருகிறார். ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் மகிழ்ச்சி பற்றி அதில் அனேகமாக ஒன்றும் கிடையாது. அதற்கு அந்த இரண்டாம் அத்தியாயத்துக்குத்தான் வர வேண்டும்.